ஏழாவது ஆட்டுக்கான கட்டம்

1

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது; காற்றில்லாத தூறல். விலங்காய்வு நெறிக்குழு அலுவலகத்தின் வெளி பெஞ்சில், கால்நடை மருத்துவரான என் தங்கையின் அருகில் அமர்ந்து இதை எழுதுகிறேன். இக்கதை பரிவினால் பிறந்ததன்று. என் கவனக்குறைவினால் பிறந்தது.

இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகும் நோயை ஆராய, அவளது ஆய்வகம் ஆறு இளம் செம்மறிகளுக்குப் புதிய வால்வு பொருத்தியது. மனிதருக்குப் பல ஆண்டுகளில் படிவது அவற்றுக்கு ஐந்தே மாதங்களில் படிந்துவிடும். அனுமதி விண்ணப்பத்தைச் செப்பம் செய்தவன் நான். பதினோரு ஒற்றுப்பிழைகளைக் கண்டேன். ஓர் ஆடு விடுபட்டிருந்ததைக் காணவில்லை.

2

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: அந்த ஆட்டின் கண்களில்— அடித்துவிட்டேன். அந்தக் கண்களை நான் பார்த்ததே இல்லை.)

செம்மறி தனியே நிற்காது. நிறுத்தினால் இதயம் படபடக்கும். எந்த அளவீடும் தேறாது. ஆகவே அறுவைக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்பதற்கென்றே ஏழாவதாக ஒன்றை வாங்கினார்கள். அதற்கு எண் இல்லை. பணியாளர்கள் 'துணை' என்று கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் 'ஆய்வின் முடிவில் விலங்கு என்னவாகும்?' என்ற கட்டம் ஆறு ஆடுகளுக்கு மட்டுமே நிரப்பப்பட்டிருந்தது.

சென்ற வாரம் அந்த ஆறின் வால்வுகளையும் எடுத்தாயிற்று. கொட்டிலில் துணை மட்டும் நிற்கிறது, துணையில்லாமல்.

3

அறுவை நிபுணரை வில்லனாக்கிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

"ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத வால்வு ஒண்ணு வேணும்மா. இத விட்டுட்டா வேற ஆடு வாங்கணும். அதுவும் ஆடுதானே?"

"தெரியும் சார். ஆனா இது ஆறுக்கும் காவல் நின்னுது" என்றாள் தங்கை.

"அப்ப பென்ஷன் போட்டுடலாம்" என்றவர், துணையை விடுவிக்கக் கோரிய அவளது மனுவை மறுபேச்சின்றிக் குழுவுக்கு அனுப்பியும் வைத்தார்.

மனு ஏற்கப்படாவிட்டால், நாளைக் காலை அதன் உயிரைப் போக்கும் ஊசியைப் போட வேண்டியவள் அவள்.

"நான் கைய நீட்டினா தீவனம்னு நெனச்சு கிட்ட வரும்ணா" என்றாள், நேற்று.

4

முடிவு, முதல் வடிவம்: குழு விடுவிக்கிறது. வேறெங்கோ ஓர் ஆடு வண்டியில் ஏற்றப்படுகிறது. (அதைப் பற்றி இக்கதையில் ஒரு வரியும் இல்லை. மறுபடியும் ஒன்றை விட்டுவிட்டேன்.)

இரண்டாம் வடிவம்: குழு மறுக்கிறது. காலை ஏழு மணிக்கு அவள் கொட்டிலின் தாழ்ப்பாளை

(மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன்.)

"எத்தன தடவ அடிப்ப?" என்கிறாள்.

"ஒற்றுப்பிழை."

"மூணு தடவையுமா?"

5

பத்து இருபத்தைந்து. கதவு திறக்கிறது. அலுவலக எழுத்தர் பழுப்பு உறையோடு வருகிறார்.

"தலைவர் கையெழுத்து ஆயிடுச்சும்மா. இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க."

"என்ன முடிவுன்னு..."

"ஒட்டித்தாம்மா எங்கிட்ட குடுத்தாங்க."

அவள் கையெழுத்திடுகிறாள், உறையை வாங்குகிறாள், பார்க்காமலேயே என் மடியில் வைக்கிறாள்.

"நீயே படி. இந்தத் தடவ எதையும் விட்டுடாத."

உறையின் மேல் தட்டச்சில் ஒரு வரி: விலங்குகளின் எண்ணிக்கை, ஏழு.

இதுவரை பிழையில்லை. மீதியை நீங்கள் பிரித்துப் படியுங்கள்.