வியாழக்கிழமைச் சட்டி

என்னுடைய நெஞ்சுக்குள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது. ஜேர்மனியிலே, வுப்பர்டால் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தார்கள். வைத்த டொக்டர் கை குலுக்கும்போது, "உப்பைக் குறையுங்கள், கொழுப்பைக் குறையுங்கள், நடையைக் கூட்டுங்கள்" என்றார். முதல் இரண்டையும் என் மனைவி பற்றிமா கேட்டுக்கொண்டாள். மூன்றாவதை நான் கேட்டுக்கொண்டேன். குடும்பம் என்றால் வேலையைப் பங்கு போட்டுத்தான் செய்யவேண்டும்.

அன்றைக்கு வீட்டில் பொரிக்கிற தாச்சி அடுப்பால் இறங்கினது, பிறகு ஏறவில்லை. அவித்த புறொக்கோலி, அவித்த கரட், அவித்த மீன். வறுத்த கறித்தூள் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது என்று சொல்லி, இருந்த தூளையும் எங்கேயோ அப்புறப்படுத்திவிட்டாள். நான் வேலையும் இல்லாமல், மருத்துவ லீவில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சுவரும் அவித்த நிறம்.

ஆனபடியால் நடந்தேன்.

ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் ஓடுகிற தெருவிலே, பழைய பீட்சாக் கடை ஒன்று இருந்த இடத்தில் ஒரு கரிபியன் சாப்பாட்டுக்கடை. பீட்சாக்காரன் விட்டுப்போன அடுப்புப் படம் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. உள்ளே நாலு மேசை, பிளாஸ்ரிக் விரிப்பு, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத கதிரைகள். ரயில் போனால் தண்ணீர்க் கிளாஸ் நடுங்கும். முதலாளி, சமையற்காரன், பரிமாறுகிறவன் எல்லாம் ஒரே ஆள்: ஜமைக்காக்காரன் கார்ல்ட்டன். கதவளவு அகலம்.

அந்தக் கடையை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே தமிழ் ஆக்கள் வரமாட்டார்கள். எங்கடை ஆக்களின் கடையில் ஒரு மட்டன் ரோல்ஸ் கடித்தால், அது என் வயிற்றுக்குப் போய்ச் சேர முன்னம் செய்தி பற்றிமாவின் காதுக்குப் போய்விடும்.

முதல்நாள் ஆட்டிறைச்சிக் கறியும், தேங்காய்ப்பாலில் சிவப்புப் போஞ்சி விதை போட்டு அவித்த சோறும், பொரித்த வாழைப்பழமும் சாப்பிட்டேன். பாற்சோற்றுக்குள் போஞ்சி விதை என்ன செய்கிறது என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. உப்பு! கண்ணில் தண்ணீர் வந்தது. எழும்பும்போது மேசையில் கிடந்த மஞ்சள் கடதாசித் துவாய்களில் நாலைந்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பனைமரம் மாதிரி ஏதோவும், கீழே கடைப் பெயரும் அச்சடித்திருந்தது. சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு வந்தால் எனக்கு நித்திரை வராது. வீட்டுக்கு வந்து குசினி லாச்சியை இழுத்து, மற்றக் கடைகளில் எடுத்த துவாய்களோடு சேர்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் என் நடை நீண்டது.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்களுக்குக் கார்ல்ட்டன் பெரிய சட்டியில் இருந்து அள்ளிக் கொடுக்கிறான். எனக்கு மட்டும் இடப்பக்கம் திரும்பி, என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சட்டியில் இருந்து எடுக்கிறான். நேற்றைய மிச்சமோ? வெளிநாட்டில் இத்தனை காலம் இருந்தவனுக்கு இந்த யோசனை தானாக வரும். ஆனால் அவனும் வெளிநாட்டான். ஒரு கறுப்பன் இன்னொரு கறுப்பனுக்குப் பழங்கறி போடுவானா? போடுவான், ஏன் போடமாட்டான், நாங்கள் போடுவதில்லையா?

ஒரு திங்கட்கிழமை சும்மா போய்ப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு ஜேர்மன்காரன் ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"ஆட்டிறைச்சி முடிந்துவிட்டது" என்றான் கார்ல்ட்டன், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவர் சாப்பிடுகிறாரே?"

"அதுதான் கடைசி."

நான் கதவைத் தாண்ட முன்னம் இன்னொருவன் வந்து ஆட்டிறைச்சி கேட்டான். கொடுத்தான்.

அடுத்த வியாழன் கோபத்தோடுதான் போனேன். கோபம் முதல் வாயோடு நின்றுவிட்டது. மற்ற நாட்களில் களவுப் பயத்தில் அவசரமாக விழுங்குவேன், அன்றைக்குத்தான் சந்தேகத்தில் மணந்து பார்த்துச் சாப்பிட்டேன். கறியில் லோர்பேர் இலை, பிரியாணிக்குப் போடுகிற பிரிஞ்சி இலை மாதிரி ஒன்று, மணத்தது. இலையாகப் போட்ட மணம் இல்லை, வறுத்து அரைத்த மணம்.

இதை விளங்கப்படுத்தவேண்டும். நாங்கள் வந்த புதிதில் அகதிகளுக்கான விடுதியில், ஹைமில், ஓர் அறையில் இருந்தோம். கறிவேப்பிலைக்கு எங்கே போகிறது? உடுப்புக் கொண்டுவந்து தருகிற ஒரு ஜேர்மன் மனுசி, காய்ந்த லோர்பேர் இலை ஒரு பைக்கற் கொடுத்தா. பற்றிமா அதை ஜேர்மன்காரரின் கறிவேப்பிலை என்று நினைத்து, மல்லி மிளகாயோடு சேர்த்துக் கருக வறுத்து, தூளாக்கிவிட்டாள். ஹைம் முழுக்கச் சிரித்தது. அவளுக்கு ரோசம். பிறகு கறிவேப்பிலை கட்டுக் கட்டாக வந்து குவிந்த காலத்திலும் லோர்பேரை விடவில்லை. உலகத்தில் வேறு எந்தத் தூளிலும் அந்த மணம் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன், அது என் மனுசியின் தூள்.

எங்கள் ஆட்கள் யாருக்குத் தூள் வறுத்துக் கொடுப்பார்கள்? பிள்ளைக்கு. கூடப் பிறந்தவனுக்கு. வெளிநாடு போகிற மருமகனுக்கு. பணத்தைக்கூடக் கைமாற்றாகக் கொடுப்பார்கள். தூளைக் கண்டவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். எனக்கு இல்லை என்று நிற்பாட்டின தூள், இந்தக் கதவளவு மனுசனின் கறிக்குள் எப்படி வந்தது?

கழுத்தை நீட்டிக் குசினி ஓட்டையால் பார்த்தேன். கார்ல்ட்டன் ஒரு சட்டியை மூடப் போனவன், மூட முன்னம் அகப்பையால் அதற்கு மேலே ஒரு சிலுவை போட்டான்.

மன்னாரில் என் மாமியார் வீட்டில்தான் அப்படிப் போடுவார்கள். பற்றிமாவும் போடுவாள். தூளையென்றால் யாரோ கைமாற்றிக் கொடுத்தது என்று மனதைத் தேற்றலாம். சிலுவையைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தானே பழகவேண்டும்?

வீட்டில் கேட்கலாம். எப்படிக் கேட்கிறது? "இஞ்சரும், நான் உமக்குத் தெரியாமல் ஆட்டிறைச்சி தின்னப் போன இடத்திலை உம்மடை தூள் மணக்குது" என்றா? கள்ளன் பொலிசுக்குப் போய் இன்னொரு கள்ளனைப் பற்றி முறையிட்ட கதையாக முடியும். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"செபமாலைக்கு இப்ப எத்தினை பேர் வருகினம்?"

புதன்கிழமைப் பின்நேரங்களில் அவள் செபமாலைக் கூட்டத்துக்குப் போகிறாள். கொஞ்ச நாளாகத்தான்.

"வாற ஆக்கள் வருகினம். ஏன், நீங்களும் வரப்போறியளே?"

"சீச்சீ. சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிற ஆள் நீங்கள்!" என்று சொல்லிப் புறொக்கோலியைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கடதாசித் துவாயையும் மடித்து வைத்தாள். நான் வாயைத் துடைத்துவிட்டு எழும்பினேன்.

நாகமுத்துவுக்கு ரெலிபோன் எடுத்தேன். நாகமுத்து என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அந்த நேரம் ஊன்ட்றொப் ஊர்க் காமாட்சி அம்மன் திருவிழாவுக்கு மரக்கறி விரதத்தில் இருந்தான். விரதகாரனுக்குப் பொய் சொல்ல ஏலாது என்ற நம்பிக்கையில் அவனைப் பிடித்தேன்.

"ஒரு சிநேகிதனுக்கு நடந்தது" என்று தொடங்கினேன்.

"ஓம், சிநேகிதன். சொல்லு மச்சான்."

சொன்னேன்.

"வறுத்த தூளோ? கடைத் தூள் இல்லையே?"

"வறுத்த தூள்."

"நகையைக் குடுத்திருந்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுவன்" என்றான். "தூள் எண்டால்... அந்தச் சிநேகிதனுக்குச் சொல்லு, நெஞ்சைக் கவனமாய்ப் பாக்கச் சொல்லி. ஏற்கனவே கம்பி வைச்ச ஆள்."

அடுத்த புதன் அவளுக்குப் பின்னால் போனேன். பெருமைப்படுகிற விசயம் இல்லை. ஒரு தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு, தொங்கு ரயிலில் பக்கத்துப் பெட்டியில் நின்றேன். செபமாலை நடக்கிற மாதா கோயில் தரிப்பிடம் வந்தது. அவள் இறங்கவில்லை. பிறகு எங்கே இறங்கினாள் என்று சொல்லத் தேவையில்லை.

கடை பூட்டியிருந்தது. கார்ல்ட்டன் உள்ளே இருந்து திறந்துவிட்டான். அவள் கையில் பை. நான் தெருவின் மற்றப் பக்கத்தில், விளம்பரம் ஒட்டுகிற உருண்டைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். மழை தூறினது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பற்றிமா தாவணி மாதிரி ஒரு அப்பிரனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து நான் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. நான் அவ்வளவு பகிடி விடுகிறவன், தெரியுமா? ஒன்றுக்கும் அப்படிச் சிரிக்கவில்லை.

அவளுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கையும் போகேல்லையே?" என்று கேட்டாள், வந்தவுடனே.

"இல்லை."

"சப்பாத்து நனைஞ்சிருக்கு."

"பல்கனிக்குப் போனனான்."

என் தொப்பியை எடுத்துக் காயப்போட்டாள்.

வியாழன், கடை திறக்க முன்னமே போய்க் கதவைத் தட்டினேன். கார்ல்ட்டனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பாஷை ஜேர்மன். அவனும் பிழையாகப் பேசுவான், நானும் பிழையாகப் பேசுவேன், ஆனபடியால் நன்றாக விளங்கும்.

"நேற்று இங்கே வந்த பொம்பிளை யார்?"

அவனுடைய முகம் கறுப்பிலேயே இன்னும் கறுத்தது. "இரகசியச் செய்முறை" என்றான்.

"நான் செய்முறையைக் கேட்கவில்லை."

"நீங்கள் என்ன கேட்டாலும் 'இரகசியச் செய்முறை' என்று சொல்லச் சொன்னா அவ" என்றான். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்தான். "எனக்குப் பொய் வராது. அம்மா அடித்து வளர்த்தவ. நீங்கள் வாங்கோ."

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனான். பெரிய சட்டிக்கு இடப்பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி. ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அந்த நெளிவு எனக்குத் தெரியும். ஹைமில் இருந்து முதல் வீட்டுக்கு மாறும்போது படியில் நான் போட்டு நெளித்தது. பக்கத்தில் ஒரு கெக்கரிக்காய்ப் போத்தல், மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே தூள்.

"ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கிற நேரம் வந்தா" என்றான் கார்ல்ட்டன். "என்னுடைய மஞ்சள் துவாயை மேசையில் அடித்து வைத்தா. போனில் உங்கள் படம். 'இந்த மனுசன் இங்கே சாப்பிடுகிறாரா?' நான் பொலிஸ் என்று நினைத்தேன். பிறகு என் சட்டியைத் திறந்து ருசி பார்த்தா. 'இவ்வளவு உப்போ? நீ என் புருசனைக் கொல்லப்போகிறாய்' என்று கத்தினா. ஜேர்மன்காரர் எல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்."

துவாய். குசினி லாச்சிக்குள் நானே அடுக்கி வைத்த துவாய். வாயைத் துடை என்று அவள் புறொக்கோலிக்குப் பக்கத்தில் மடித்து வைத்ததுகூட மஞ்சள்தான்.

"அடுத்த நாள் இந்தச் சட்டியோடு வந்தா. ஒவ்வொரு புதனும் இறைச்சியில் கொழுப்பெல்லாம் வெட்டி எறிந்து, தூள் பிரட்டி, ஊறவைத்துவிட்டுப் போவா. உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சம்புளி கூடுதலாக. மூடமுன்னம் சிலுவை போடாவிட்டால் சரிவராதாம். வியாழக்கிழமை மட்டும். வேறு நாளில் நீங்கள் வந்தால் முடிந்துவிட்டது என்று சொல்லவேண்டும். அந்தத் திங்கட்கிழமை எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

நான் களவாகத் தின்றது முழுக்கப் பத்தியச் சாப்பாடு.

"இதை வீட்டிலேயே செய்து தரலாமே!" என்றேன்.

"நானும் கேட்டேன். வீட்டில் தந்தால் ஒவ்வொரு நாளும் கேட்பாராம்." கார்ல்ட்டன் தலையைச் சொறிந்தான். "இன்னொன்றும் சொன்னா. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம். முதல்முதல் இங்கே வந்து போன அன்றைக்குத்தான் வீட்டில் ஒரு பகிடி விட்டீர்களாம். சிரிப்பு வராத பகிடியாம். ஆனாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப்போட்டு அழுதாவாம். 'களவெடுத்த சந்தோசத்திலை வாறார், அதை நான் பறிக்கமாட்டன்' என்றா."

மேலே ரயில் போனது. போத்தலும் சட்டியும் நடுங்கின.

"நேற்று அவ சிரித்தது?"

"எதற்கு?"

"நீ ஏதோ சொன்னாய்."

யோசித்தான். "ஓ! நீங்கள் சாப்பிட்டு முடித்துத் துவாயை ஒளிக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன்."

கொஞ்ச நேரம் நான் அவனுடைய அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன், ஏன் என்று தெரியாமல்.

"கார்ல்ட்டன், நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் களவு இல்லை. களவு இல்லாவிட்டால் வியாழனும் இல்லை."

"அப்ப நான் இரண்டு பேருக்கும் பொய் சொல்லவேண்டுமா?" என்றான் பரிதாபமாக.

வழமையான மேசையில் இருந்து, அவன் இடப்பக்கம் திரும்பி அள்ளித் தந்ததைச் சாப்பிட்டேன். துவாயை எடுக்கவில்லை. கதவுவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நாலைந்தை எடுத்தேன். எடுக்காமல் போனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பின்நேரம் வீட்டில் பற்றிமா புறொக்கோலியை வைத்தாள். பக்கத்தில் மஞ்சள் துவாய். அந்தப் பச்சையையும் மஞ்சளையும் பார்க்க, எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

அவள் கை நின்றது. "என்ன?"

"புறொக்கோலி. நல்லாயிருக்கு."

கல்யாணம் கட்டின நாளில் இருந்து ஒரு மரக்கறியையும் நான் புகழ்ந்ததில்லை. அவள் என்னைப் பார்த்தாள். என் கோட்டை எடுத்து மணந்து பார்த்தாள். பைக்குள் கைவிட்டுத் துவாயை எண்ணினாள் போல. மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"ஆர் உங்களுக்கு என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. வாய்க்கு ருசியாய் இருந்தது, சொன்னனான்."

"ம்."

போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடியால் அவளுடைய முதுகு தெரிந்தது. அவள் ஜேர்மனில், "கார்ல்ட்டன், ஒரு விசயம் உண்மையாகச் சொல்லு" என்று தொடங்குவது கேட்டது.

நான் இன்னொரு துண்டு புறொக்கோலியை வாயில் போட்டுக்கொண்டு, காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரைக் கூப்பிட்டேன். ஒருநாளும் இல்லாத ஒன்றைத் தரச் சொல்லிக் கேட்கிறது முறையில்லைத்தான். ஆனாலும் கேட்டேன். அந்தக் கதவளவு மனுசனுக்கு, இந்த ஒரு தடவைக்காவது, ஒரு சின்னப் பொய் வரட்டும்.