நிக்காதீங்க மாமா

...நிக்காதீங்க மாமா, போங்க, போங்க என்று கத்தியது நான்தான், வேறு யாருமில்லை. மாமா பிரேக்கை மிதித்துவிட்டார், கதவைக்கூட அரைவாசி திறந்துவிட்டார், எங்கள் கார் தட்டிய சைக்கிள் ரோட்டில் கிடந்தது, அதில் வந்த மனிதர் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார், நான் மாமாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன், இது தமிழ் ஆக்கள்ற பக்கம் மாமா, மஃரிபுக்குப் பிறகு இங்க நிக்கப்படா... நிற்கக்கூடாது என்று எனக்கு யார் சொல்லித்தந்தது? யோசித்துப் பார்க்கிறேன், ஒருவருமில்லை, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள், பொழுது பட்டால் அந்தப் பக்கம் போவதில்லை, போனால் நிற்பதில்லை, அவர்களும் எங்கள் பக்கம் அப்படித்தான். சண்டை முடிந்து ரெண்டு மாதம், அது எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் வாய்க்குத் தெரியவில்லையே. மாமா என் முகத்தைப் பார்த்தார். தொண்ணூறில் லண்டன் போனவர், பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு சவளக்கடையில் தன் வாப்பாவின் வயலைப் பார்க்க வேண்டும் என்று கொழும்பில் வாடகைக்குக் கார் எடுத்து வந்தவர். “உனக்குத்தான் புள்ள ஊர் தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பதினாறு வயதுப் பிள்ளையின் சொல்லைக் கேட்டு...

மணி ரெண்டாகப் போகிறது, உம்மா பக்கத்தில் தூங்குகிறா, எனக்குக் கண் எரிகிறது, மூடினால் சைக்கிள் சில்லு சுற்றுகிறது. வந்த உடனே வாப்பா காரை வீட்டுக்குப் பின்னால் விட்டுப் படங்கால் மூடினார், முன் லைட் இல்லை, அந்த ஓட்டையைப் பார்க்க முடியவில்லை. கார்க் கொம்பனி தந்த கடதாசியில் எக்சிடன்ட் பட்டால் என்ன செய்வது என்று இங்கிலீசில் இருந்தது, மாமா அதைத் தமிழில் வாசித்தார், “முதலாவது, வண்டிய நிப்பாட்டுங்க” என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பா அது. ரெண்டாவது காயப்பட்டவரைப் பாருங்கள், மூன்றாவது பொலிசுக்குச் சொல்லுங்கள், அதுவரை வண்டியை அசைக்காதீர்கள்... “கொழும்பில குந்திக்கிட்டு இத எழுதினவன் இந்த ரோட்டால ஒரு நாள் வந்திரிப்பானா மச்சான்?” என்று வாப்பா கேட்டார். உம்மா அழுதா, “தம்பிட பாஸ்போட்டப் பறிச்சிப்போடுவானுகள், லண்டன் லைசன இங்க பதியவும் இல்ல, மறியலுக்குத்தான் கொண்டு போய் அடைப்பானுகள்.” நாளைக்கு இரவு மாமாவுக்கு பிளைட். என்னை யாரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லம்.

மறுகா, பத்து மணி போல, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அப்துல் ஸமட் காக்கா போன் எடுத்தார். சைக்கிளில் வந்தவர் பெயர் தங்கத்துரை, கால் முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை. “பொலிஸ் வந்து கேட்டதாம், ஒருத்தரும் அடிக்கல்ல, நானாத்தான் வாய்க்காலுக்குள்ள விழுந்த எண்டு சொல்றாராம்.” உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றா, மூன்று தரம். மாமா மட்டும், “ஏன் அப்பிடிச் சொன்னவராம்?” என்று கேட்டார். “நல்ல மனிசன் போல. அத விடுங்க மச்சான், போய்ப் படுங்க” என்றார் வாப்பா. எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

நல்ல மனிசன்... அதற்காக இல்லை வாப்பா, எனக்குத் தெரியும் ஏனென்று. கார் எடுபட்டதும் நான் திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தேன். அவர் எழும்பி உட்கார்ந்து ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார், நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, துவக்கை நீட்டுகிறவனுக்கு முன்னால் தூக்குகிற மாதிரி. வெள்ளைக் கார், கறுப்புக் கண்ணாடி, கொழும்பு நம்பர், ஆளை அடித்துவிட்டு நிற்கிறது, கதவு திறக்கிறது, பிறகு ஒன்றும் சொல்லாமல் போகிறது... அவருக்கு அது லண்டனிலிருந்து வந்த மாமாவா? ஆளைத் தூக்கிப்போகிறவர்கள் என்றல்லவா நினைத்திருப்பார், காரைப் பற்றிச் சொன்னால் திரும்ப வருவார்கள் என்றல்லவா நானாய் விழுந்தேன் என்கிறார். இப்போதும் வார்டில் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பார், அதை நினைக்க... சுனாமி அன்று நாங்கள் நனைந்த உடுப்போடு ஓடிப்போனது அந்தப் பக்கம்தானே, முன்பின் தெரியாத ஒரு அம்மா சோறு பிசைந்து என் வாயில் வைத்தாவே, அப்போது இது தமிழ்ப் பக்கம் என்று நான் வாயை மூடினேனா?

விடிந்ததும் போய்ச் சொல்லலாம். சொன்னால் மாமா மறியலில். மாமா போன பிறகு சொல்லலாம், அதற்குள் வார்டில் அவருக்கு இன்னும் ஒரு இரவு, ரெண்டு இரவு இப்படியே போகும். எப்போது போனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஐயா, அது நாங்கதான், வேற ஆக்களில்ல, இனி ஒருத்தரும் வரமாட்டாங்க, பயத்தில நிக்காமப் போயிட்டம் என்பேன், இதுவரைக்கும் சொல்லிவிடுவேன், மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்... ஆருக்குப் பிள்ள பயந்த நீங்க, என்று அவர் கேட்டால்?