திருப்பாத இருக்கை

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. குழந்தை வளர்ப்பு இதழ் ஒன்றின் ஆசிரியை என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. காரில் குழந்தைக்கான இருக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது, பிள்ளை வளர வளர எப்போது மாற்றுவது என்று எழுத வேண்டும். "பயமுறுத்தாம எழுதுங்க சார், படிக்கிறவங்க எல்லாம் புதுசா பெத்தவங்க" என்றார். முதல் சில வரிகள் ஒழுங்காகத்தான் வந்தன:

'சின்னக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்லை. அதனால் இருக்கை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மோதல் நேர்ந்தால் அதிர்ச்சியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும், கழுத்து'

அதற்குமேல் ஓடவில்லை. அரைகுறையாகவே விட்டுவைத்திருக்கிறேன். அந்தச் சொல்லில் என் அண்ணன் வந்துவிட்டான்.

2.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்தப் பூட்டையும் ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டான். மகள் பிறக்கும் முன்பே இருக்கை வாங்கப் போனான், காரையும் கடை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு. "கடையில அழகா இருந்தா ஆச்சா? நம்ம வண்டியில உட்காரணுமே!" ஒவ்வொன்றாகப் பொருத்தி, அடியைப் பிடித்து உலுக்கினான். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

மகளுக்குப் பட்டாணி என்று செல்லப்பெயர் வைத்தவன் நான். அவளை உட்காரவைத்ததும் அண்ணன் இருக்கையின் பட்டையைத் தோளருகே கிள்ளிப் பார்ப்பான். விரலில் மடிப்பு சிக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்குவான். குளிர் நாட்களில் தடித்த மேலங்கியைக் கழற்றிவிட்டுத்தான் பட்டை போடுவான், பிறகு அங்கியை மேலே போர்த்துவான்.

(ஆசிரியைக்கு: கட்டுரைக்கு வேண்டியதில் பாதி இங்கேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.)

3.

பட்டாணி வளர்ந்தாள். கால் நீண்டது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முழங்காலை மடக்கவேண்டியிருந்தது. காரில் ஏற்றினாலே அழுகை.

அண்ணி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில், என் முன்னாலேயே கேட்டார்.

"தவளை மாதிரி மடங்கிக் கிடக்கா பாருங்க. முன்பக்கம் திருப்பிடலாமே? என் முகத்தைப் பார்த்துட்டாவது வருவா."

"கால் மடங்கினா மடங்கட்டும். இந்த சீட்டுக்குச் சொன்ன உயரமும் எடையும் இன்னும் தாண்டலையே."

"ஊர்ல எல்லாரும் திருப்பிட்டாங்க."

"ஊருக்கென்ன, பட்டாணி கழுத்தா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. அன்று முழுக்க அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

4.

அந்த வாரமே, பட்டாணியைக் காப்பகத்துக்கு அழைத்துப்போகும் வழியில், ஒரு வளைவில் எதிரே வந்த லாரி கோட்டைத் தாண்டி

முதல் வரைவில் லாரிக்காரரைக் குடிகாரர் ஆக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் குடித்திருக்கவில்லை. சாலையோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் "உள்ள பாப்பா இருக்கு, உள்ள பாப்பா இருக்கு" என்று கதறிக்கொண்டிருந்தாராம். வெறுக்க வசதியான ஆள் ஒருவர் இந்தக் கதைக்குத் தேவைப்பட்டார். கிடைக்கவில்லை.

அண்ணன் அங்கேயே போய்விட்டான். பட்டாணிக்கு ஒரு கீறல் இல்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண் அவளை அண்ணி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா எதையும் பார்க்கலம்மா. சீட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணி பட்டாணியின் பின்கழுத்தில் கை வைத்தபடி அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

5.

நொறுங்கிய காரிலிருந்து எடுத்த பொருட்களோடு இருக்கையும் வீட்டுக்கு வந்தது. சில மாதம் கழித்து அண்ணி தன் அக்காவின் காரை வாங்கி ஓட்டத் தொடங்கினார். பின்சீட்டில் எட்டிப் பார்த்தேன். அதே இருக்கை, அதில் பட்டாணி.

"அண்ணி, இதை மாத்தணும்."

"ஏன் தம்பி? எங்கயாவது உடைஞ்சிருக்கா, சொல்லுங்க."

"அவ்வளவு பெரிய மோதல்ல இருந்ததை மறுபடி போடக்கூடாது. உள்ள விரிசல் விட்டிருக்கும். வெளியில தெரியாது."

"வெளியில பார்த்தா நானும் நல்லாத்தான் இருக்கேன்."

(இதற்கு நான் சொன்ன பதில் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.)

அண்ணியே தொடர்ந்தார். "திருப்பச் சொன்னவ நான். அவர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தா..." பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது அவர் இழுத்துவிட்ட அளவு தம்பி. நான் தளர்த்தவே இல்ல."

அப்போது இருக்கையில் பட்டாணி நெளிந்தாள். "அம்மா, இறுக்குது. வலிக்குது."

வளர்ந்திருந்தாள். அப்பா இழுத்துவிட்ட அளவில் அவளால் இப்போது மூச்சுவிட முடியவில்லை.

அண்ணி அவளைச் சட்டென்று அவிழ்த்துத் தூக்கினார். தோளில் பட்டை பதிந்து சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க" என்றார்.

கழித்துப்போடும் இருக்கையின் பட்டைகளை வெட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது நல்லதென்று நம்பி எடுத்துப்போய்த் தம் பிள்ளையை உட்காரவைப்பார்கள். நான் வெட்டுவதாகச் சொன்னேன். அண்ணி தரவில்லை. சிமெண்ட் தரையில் உட்கார்ந்து தானே வெட்டினார். கெட்டிப் பட்டை, லேசில் அறுபடவில்லை. அண்ணன் இறந்த நாளில் வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

(ஒரு துண்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார் என்று எழுதலாமா? அழகாக இருக்கும். ஆனால் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.)

6.

புதிய இருக்கையையும் அண்ணி பின்பக்கம் பார்த்தே பொருத்தினார். அதற்குரிய உயரத்தைப் பட்டாணி தாண்டிய பிறகுதான் திருப்பினார். தோளுக்கான பட்டைகளை இருக்கையின் மேல்துளைக்கு மாற்றினார். இருக்கையின் உச்சியிலிருந்து வரும் வாரைப் பின்னால் கொக்கியில் மாட்டி இறுக்கினார். நான் கைகொடுக்கப் போனேன். "தள்ளுங்க தம்பி, எனக்குத் தெரியும்."

முதன்முறையாக முன்பக்கம் பார்த்தபடி பட்டாணி வந்தாள். அண்ணி ஓட்ட, நான் பக்கத்தில். பஸ், பலகை, நாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு சிவப்பு விளக்கில் நின்றதும் கேட்டாள்:

"அம்மா, நீ உட்கார்ந்திருக்கிற எடத்துலதான் அப்பா இருந்தாரா?"

அண்ணி பதில் சொன்னார். நான் கேட்டேன். அதை எழுதினேன், அடித்தேன், திரும்பவும் எழுதினேன். இப்போது எடுத்துவிட்டேன். அது ஒரு அம்மா தன் பிள்ளைக்குச் சொன்னது, அச்சில் ஏற்ற எனக்கு உரிமையில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசியுங்கள். விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. பின்னால் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.