வால் கனத்த வண்டி

ட்ரெய்லரின் வால் மறுபடியும் ஆடியது. கட்டிலும் அடுப்பும் வைத்த, முப்பத்திரண்டு அடி நீளச் சக்கர வீடு அது. ஆட ஆரம்பித்தால் முன்னால் இழுத்துப் போகிற பிக்கப்பையும் சேர்த்துப் பிடித்து ஆட்டும். வெர்னா கதவின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஓரெஸ்ட், காற்று என்றான். ஆல்பர்ட்டா மாகாணத்தைத் தாண்டியதிலிருந்து இது நாலாவது காற்று. வெளியே பைன் மரத்துக் கிளையிலிருந்து ஒரு பொட்டுப் பனிகூட உதிரவில்லை. என்ன காற்றோ, அவனுக்கு மட்டும் அடிக்கிற காற்று!

ஜனவரி மாதத்தில் கோடைக்கால ட்ரெய்லரை மலை தாண்டி இழுத்துப்போக யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. வேறு வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் சால்மோவில் இருக்கிற வெர்னாவின் தங்கை டார்லாவின் வீடு, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் புகைபோக்கியில் தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டது. புருஷனும் இரண்டு சின்னப் பிள்ளைகளுமாக உடுத்திய துணியோடு வெளியே வந்தார்கள். மூன்று வாரமாக மோட்டல் அறை. பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் எப்போதோ பதிவு செய்துவிட்டதால் இன்று பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடியும் வாடகைக்கு ஒரு கொட்டில்கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் கனடாவின் சமவெளியில், சஸ்காட்செவான் மாகாணத்தில், தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஜன்னல்வரை பனியில் புதைந்துகிடந்த ட்ரெய்லரைத் தோண்டி எடுத்துக் கிளம்பினார்கள். புயல் வருகிறது, மூன்று மணிக்குக் கணவாயை மூடிவிடுவோம் என்று காலையிலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. மூடினால் திங்கட்கிழமையாவது திறப்பார்களோ மாட்டார்களோ.

வெர்னா இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரிலும், கண்ணாடி மாதிரி உறைந்த ரோட்டிலும் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழாமல் கொண்டுபோய் இறக்குகிறவள். ஆனால் பிக்கப்பில் ட்ரெய்லரை மாட்டிவிட்டால் ஸ்டியரிங் ஓரெஸ்ட்டுடையது. அதில் பேச்சே கிடையாது. வேகத்தைக் குறை என்று அவள் வழியெல்லாம் கெஞ்சியாயிற்று, கத்தியும் ஆயிற்று. அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கணவாயின் அடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்புக் கதவு போட்டிருந்தார்கள். மேலே பனிச்சரிவு தானாக விழுவதற்கு முன் குண்டு வைத்து விழச் செய்கிறார்களாம், ஒரு மணி நேரம் ஆகும். வரிசையில் நின்றபோது டார்லாவிடமிருந்து செய்தி வந்தது. அறையைக் காலி செய்துவிட்டு எரிந்த வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஹீட்டருக்காக எஞ்சினை அணைக்கவில்லை, எப்போது வருவீர்கள். கதவு திறந்ததும் வருகிறோம் என்று வெர்னா பதில் அனுப்பினாள். காபி போடலாம் என்று ட்ரெய்லருக்குள் ஏறினாள். கடைசியில் இருந்த கட்டிலின் அடிப்பலகை பிதுங்கி நின்றது. தூக்கிப் பார்த்தால் உள்ளே எட்டு மணல் மூட்டைகள், ஒவ்வொன்றும் முப்பது கிலோ.

அவர்கள் ஊரில் நவம்பர் பிறந்தால் பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே மணல் மூட்டை ஏற்றாத வீடு கிடையாது. சக்கரம் பனியில் வழுக்காமல் பிடிக்கும். ஓரெஸ்ட் அதே புத்தியை ட்ரெய்லருக்கும் பயன்படுத்தியிருக்கிறான். ட்ரெய்லருக்குப் பாரம் மூக்குப் பக்கம் இருந்து பிக்கப்பின் கொக்கியை அழுத்த வேண்டும். வாலில் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வால் ஆடும். சீசா பலகையில் ஏறிய பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு!

அவள் இறங்கிப்போய் அவன் ஜன்னலைத் தட்டினாள்.

"பின்னாடி மூட்டை யாரு வச்சது?"

"நான்தான். பிடிமானத்துக்கு. எங்கப்பா காலத்துல இருந்து வைக்கிறதுதானே."

"உங்கப்பா பிக்கப்புல வச்சாரு. அவருகிட்ட ட்ரெய்லரே கிடையாதே, ஓரெஸ்ட்."

"பஸ் ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது. போய் காபியைப் போடு."

இரண்டு நாள் எரிச்சலும் வெர்னாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மூட்டையைக் கட்டியணைத்துத் தூக்கி, பனியில் தடுமாறி, பிக்கப்பின் பின்தட்டில் சக்கரத்துக்கு நேர் மேலே கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டாவது மூட்டைக்கே மூச்சு வாங்கியது. பின்னால் நின்ற மரலாரி டிரைவர் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் இறங்கிவந்து கைகொடுத்தார். ஓரெஸ்ட் ஹீட்டர் சூட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எட்டாவது மூட்டை இறங்கியதும் அவள் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு. இனிமே நான் ஓட்டுறேன்."

"விளையாடுறியா?"

"டார்லா பிள்ளைங்களோட கார்ல உக்காந்திருக்கா. உன் ரோஷத்தைத் தாலாட்டிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல."

லாரி டிரைவர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த வெட்கத்துக்காகவே ஓரெஸ்ட் நகர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டு இருபதுக்குக் கதவு திறந்தது. அவள் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. இதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று அவன் முணுமுணுத்தான். உச்சி கடந்து இறங்கும்போது, வெயில் படாத ஒரு வளைவில் ரோடு முழுக்கப் பனிக்கட்டி. பிக்கப்பைப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருந்தது. கண்ணாடியில் ட்ரெய்லரின் வால் பள்ளத்துப் பக்கமாக விலகுவது தெரிந்தது.

"பிரேக்கை மிதி, வெர்னா!"

அவள் கால் அங்கே போகவில்லை. பிக்கப்பின் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் வருவது முன்னால் வந்து மடங்கிவிடும். ட்ரெய்லர் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற சின்ன நெம்புகோல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. அதை விரலால் மெல்ல அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். வால் முதுகுக்குப் பின்னால் வந்து நேராக நின்றது. பயந்துதான் போனாள், அதில் என்ன மறைக்க.

நாலு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். டார்லா காரிலிருந்து ஓடிவந்து முதலில் ட்ரெய்லரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெர்னா உள்ளே போய் கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்தாள். பிள்ளைகளைக் கட்டிலில் விட்டார்கள்.

வெளியே டார்லாவின் புருஷன் கிளென், ஓரெஸ்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பனியில் கணவாயைத் தாண்டிவிட்டீர்களே என்று அவனுக்கு வாய் மூடவில்லை.

"பாரத்தை எங்க வைக்கணும்னு தெரிஞ்சா போதும், சகலை," என்றான் ஓரெஸ்ட். "பின்னாடி மட்டும் கனக்கவே கூடாது. நம்ம ஆளுங்களுக்கு இது புரியறதில்ல."

வாசற்படியில் நின்ற வெர்னாவின் காதில் அது விழுந்தது. அடப்பாவி! சஸ்காட்செவானிலிருந்து சேர்த்துவைத்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, மெதுவா," என்று டார்லா பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். "ரெண்டும் தூங்கிருச்சு. தீப்பிடிச்ச நாள்ல இருந்து பெரியவன் ஷூவைப் போட்டுக்கிட்டேதான் படுப்பான், மறுபடி ஓடணுமேன்னு. இன்னைக்கு அவனே கழட்டி வச்சிட்டான்."

வெர்னா திரும்பிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே இரண்டு சின்ன ஷூக்கள், லேஸ் அவிழ்த்தபடி கிடந்தன.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்குத் திரும்ப ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது, சாவி அவள் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, சொல்ல வேண்டியதை அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஓரெஸ்ட்டின் பெருமைப்பேச்சு உள்ளே கேட்காதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.