நீலத் தொட்டி வீடு

அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"விமானம் உன்னை விட்டுட்டா போயிடும்?" என்றான் கணவன். "நீ ஓட்டினாத்தானே அது போகும்?"

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். ஆனாலும் இன்று கூட வந்திருந்தான். இரண்டு இரவுகளாக அவள் கூடத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தான். கேட்டால், "பறந்தா சரியாயிடும்" என்றாள். எப்படிச் சரியாகிறது என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே திரை. அழைப்பவரிடம் முகவரி வாங்க வேண்டும். வண்டி அனுப்ப வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை அவரைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும். சேர்ந்ததும் துண்டித்துவிட வேண்டும். அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கக் கூடாது. விசாரிக்க ஆரம்பித்தால் ஒரு மாதம் தாங்க மாட்டீர்கள் என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுவார்கள்.

அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வடிகால் இருந்தது. ஒருத்தி மீன் வளர்த்தாள். ஒருவர் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்தினார். இவள் பறக்கும் கிளப்பில் வாடகைக்கு எடுத்துச் சின்ன விமானம் ஓட்டினாள். நகரம் கையகலமாகச் சுருங்கியதும் காதில் தங்கிய குரல்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

முந்தாநாள் வந்த குரல் உதிரவில்லை.

யாரோ ஓர் இளைஞன். அப்பா சமையலறையில் விழுந்துவிட்டார், மூச்சில்லை. வீட்டுக்கு அடையாளம் கேட்டாள். "மாடியில நீலத் தொட்டி. விமானத் திடலுக்குப் பின்பக்கம். பிளேன் எல்லாம் எங்க தலைக்கு மேலதான் இறங்கும்" என்றான். நெஞ்சை அழுத்தச் சொன்னாள். சத்தமாக எண்ணச் சொன்னாள். எண்ணினான். கதவு தட்டப்பட்டது. அவள் துண்டித்தபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

கிளப்பை நடத்தும் கேப்டன் சாவியை விரலில் சுழற்றியபடி கேட்டார். யாராக இருந்தாலும் சாவிக்கு முன்னால் இந்தக் கேள்வி உண்டு.

"தூங்கினியாம்மா?"

"நல்லா தூங்கினேன்."

கணவன் அவளைப் பார்த்தான். சாவி கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாலில் 42 என்று எண் எழுதிய விமானம். உள்ளே இரண்டே இருக்கை. தோளோடு தோள் இடித்தது. அவன் கதவைத் தட்டிப் பார்த்தான். "என் கடை ஷோகேஸ் கதவு இதைவிடக் கனம்."

"பேசாம வாங்க."

ஏறியதும் மேற்கே ஏரிப் பக்கம் போவது வழக்கம். இன்று அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். திடலுக்குப் பின்னால் இருந்த தெருக்களின் மேல் வட்டமிட்டாள். வெள்ளைத் தொட்டிகள், கறுப்புத் தொட்டிகள். பிறகு ஒரு நீலம். அடுத்த வீட்டிலும் நீலம். தெருக்கோடிவரை மாடிக்கு மாடி நீலம்.

"என்ன தேடற?"

"ஒரு வீடு."

ஏதோ ஓர் அழைப்பு என்று அவனுக்குப் புரிந்தது. "கண்டுபிடிச்சு? மொட்டை மாடியில எழுதியா வெச்சிருக்கப் போறாங்க?"

கொடியில் துணி இருக்கலாம். வயதானவர் போடுகிற சட்டை ஒன்று காயலாம். அவள் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள். வீடுகளுக்கு மேல் இவ்வளவு கீழே இறங்கினால் உரிமம் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். ஒரு மாடியில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், போதும். மேல போ."

காதில் கரகரப்பு. கட்டுப்பாட்டுக் கோபுரம். "நாலு ரெண்டு, ரொம்பத் தாழ இருக்கீங்க. என்ன பண்றீங்க?"

அவள் கண் மாடியில் இருந்தது. காதில் ஹெட்போன் இருந்தது. வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"ஆம்புலன்ஸ் சேவை. சொல்லுங்க, என்ன அவசரம்?"



"நாலு ரெண்டு, அவசரம்னா சொன்னீங்க?"

"இல்ல, தப்பா..."

அதற்குள் கீழே சைரன் கிளம்பிவிட்டது. "எதுவா இருந்தாலும் இறங்குங்க. ஓடுபாதை உங்களுக்குத்தான்."

கைகள் தம் வேலையைச் சரியாகவே செய்தன. சக்கரம் அலுங்காமல் தரை தொட்டது. ஓரத்தில் தீயணைப்பு வண்டி, அதன் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ்.

"வரவேற்பு பலமா இருக்கு" என்றான் அவன். கை இன்னும் இருக்கையின் ஓரத்தை விடவில்லை.

கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவள் இறங்கியதும் சாவியை நீட்டினாள்.

"தூங்கல, கேப்டன். ரெண்டு நாளா."

அவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். "இதை ஏறுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா இன்னிக்கு மட்டும்தான் சாவி கிடைச்சிருக்காது."

பிறகு கணவனைப் பார்த்தார். "உங்களுக்குமா தெரியாது?"

அவன் தலை குனிந்தான்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அருகே வந்தார். அவள் கேப்டனுக்குச் சொன்னதைக் கேட்டிருப்பார் போல.

"இந்தக் குரல்! தினமும் என்னை ‘எங்கே இருக்கீங்க, எங்கே இருக்கீங்க’ன்னு விரட்டுறது நீங்கதானா? நான் ஏதோ தலைமையாசிரியர் அம்மான்னு நெனச்சேன்." சிரித்தார். "லீவு நாள்லயும் கோபுரத்துக்கிட்ட ஆம்புலன்ஸ் சேவைன்னீங்களாமே? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சரியாத்தான் சொன்னாங்க."

அவள் சிரிக்கவில்லை. "முந்தாநாள் மத்தியானம் இங்க பின்பக்கம் ஒரு வீடு. நீலத் தொட்டி. நீங்களா போனீங்க?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க அதைக் கேக்கக் கூடாதே."

"தெரியும்."

கையுறையைக் கழற்றி மடித்தார். "அந்தப் பையன் நாங்க போயும் அழுத்துறதை நிறுத்தல. தள்ளிக்கப்பான்னா கேக்கல, எண்ணிக்கிட்டே இருந்தான். தோளைப் பிடிச்சுத் தூக்க வேண்டியதாப் போச்சு."

"அவங்க அப்பா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது மூச்சு இருந்துச்சு."

"அப்புறம்?"

"வாசல் வரைக்கும்தான் எனக்கு. உங்களுக்கு வீட்டுக் கதவு, எனக்கு அந்தக் கதவு." வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

கார் கிளம்பியது. திடலின் வாயிலில் அவன் நிறுத்தினான். இடப்பக்கம் வீடு. வலப்பக்கம் ஆஸ்பத்திரி. இண்டிகேட்டரைப் போடாமல் அவளைப் பார்த்தான்.

"சொல்லு. நானும் வரேன்."

அவள் விரல்கள் முழங்காலை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

ஒருவரைப் போய்ப் பார்த்துவிடலாம். நாளைக்கு ஹெட்போனை மாட்டியதும் வரப்போகிறவர்களையும் போய்ப் பார்க்கச் சொல்லும் மனசு.

"வீட்டுக்கு" என்றாள்.

அவன் திருப்பினான். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழிநெடுக மொட்டை மாடிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.