ஐம்பது கிலோவுக்கு ஒரு சண்டை

கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் தராசுகளைச் சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, முத்திரை வைத்துக் கொடுப்பது எடைக்காரரின் தொழில். அவர் தோளில் ஒரு ஈ உட்கார்ந்தால், அது சாப்பிட்டுவிட்டு வந்ததா, வெறும் வயிற்றோடு வந்ததா என்று சொல்லிவிடுவார். போய் அந்த ஈயைக் கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லாததால், அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன்னுடைய எடை இறங்குவது மட்டும் பிடிபடவில்லை. கால்சட்டை நழுவியபோது பெல்ட்டில் ஒரு புது ஓட்டை போட்டார். மறுபடி நழுவியது, இன்னொரு ஓட்டை. "இந்தக் காலத்துத் தோலு ஒரு மழைக்கே நீண்டு போயிடுது" என்று பெல்ட்டைத் திட்டினார். ஐந்தாவது ஓட்டையில் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடலில் கட்டி. புற்றுநோய் என்றார்கள்.

மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, புருவம் போயிற்று, கட்டியும் பாதியாகச் சுருங்கிற்று. ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர், வம்பு பேசாத மனிதர், படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கட்டி சொன்னபடி கேட்டுச்சு. வெட்டி எடுத்துடலாம். ஆனா நீங்க இப்ப நாப்பத்தேழு கிலோ. ஐம்பது இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன், உடம்பு தாங்காது. மூணு வாரம் தரேன். வியாழக்கிழமை எடை, வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

"நாப்பத்தொம்பதே முக்கால் இருந்தா?"

"நாப்பத்தொம்பதே முக்கால்னு எழுதுவேன். அடுத்த இடம் ஒரு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் கட்டி நமக்காகக் காத்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

எடைக்காரருக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்று கிலோ ஏற்றுவது பெரிய காரியமா? நெல் மூட்டையில் இரண்டு கை அள்ளிப் போட்டால் ஏறிவிடும். ஆனால் மூட்டைக்கு வாய் கிடையாது. இவருக்கு வாய் இருந்தது, அது திறக்க மறுத்தது. மனைவி குழைத்துக் கொடுத்தாள், கரைத்துக் கொடுத்தாள், கெஞ்சிக் கொடுத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நான்கு நாளில் இருநூறு கிராம் குறைந்ததுதான் மிச்சம்.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் மஞ்சள் கதவு போட்ட ஓர் அறை உண்டு. கட்டியைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கட்டியைச் சுமக்கிற ஆளைப் பார்க்கவும் யாராவது வேண்டாமா என்று திறந்த அறை. அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒருவர், சாப்பாட்டுக்கு வழி சொல்ல ஒருவர், அப்புறம் சும்மா உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் அம்மாள். எடைக்காரரும் மனைவியும் போய் அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஏன் இறங்க மாட்டேங்குது? கசக்குதா?" என்று கேட்டாள் அம்மாள்.

"கசப்பெல்லாம் இல்லம்மா. வீட்டுல எல்லாரும் என்னை ரொம்ப மரியாதையா நடத்துறாங்க."

"நல்லதுதானே?"

"செத்தவனைத்தாம்மா அப்படி நடத்துவாங்க. என் மச்சான்காரனையே எடுத்துக்குங்க..."

மச்சான் என்பது மனைவியின் தம்பி. தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான அதே வாரத்தில் எடைக்காரர் அந்தக் கடைக்குப் போய், தராசு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாகப் போடுகிறது என்று கண்டுபிடித்து, தான் புது மாப்பிள்ளை என்றும் பாராமல் அதை மூட்டை கட்டி எடுத்துப்போய்விட்டார். அன்று மூண்ட சண்டை முப்பது வருஷமாக அணையவில்லை. ஒருநாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு போட்டுக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள்.

"இப்ப என்னடான்னா, நான் எது சொன்னாலும் 'நீங்க சொன்னா சரிதான் அத்தான்'ங்கிறான். சோதிச்சுப் பார்த்துடலாம்னு, இன்னிக்குச் சூரியன் மேற்கால உதிச்சுதுடான்னேன். 'ஆமா அத்தான், நானும் பார்த்தேன்'கிறான். எனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?"

அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் அவள் வேலையில் கஷ்டமான பகுதி. மறுநாளே மச்சானைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நோயாளி ஆளுகிட்ட எப்படிம்மா சண்டைக்குப் போறது? நாக்கு வரமாட்டேங்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மச்சான்.

"நீங்க போடாத சண்டைதான் அவர் தொண்டையை அடைச்சுக்கிட்டு நிக்குது. மூணு வேளையும் வரணும்."

சாப்பாட்டுக்கு வழி சொல்பவர் பட்டியலைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். காலை: முட்டை இரண்டு, பால் ஒரு டம்ளர், மச்சான். மதியம்: சோறு, பருப்பு, மச்சான். இரவுக்கும் அதே, மச்சான் கொஞ்சம் குறைவாக. தூக்கம் கெடக்கூடாதல்லவா.

மறுநாள் காலை மச்சான் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் வார்த்தைக்குத்தான் சிரமப்பட்டார்.

"அத்தான், அந்த பெல்ட்டைக் குடுங்க. அதுல இருக்கிற ஓட்டைக்கு அரிசி சலிக்கலாம்."

எடைக்காரர் நிமிர்ந்தார். "சலிச்சுட்டு அதையும் நாப்பது கிராம் கம்மியா விப்பியே!"

"அந்தத் தராசு சரியாத்தான் இருந்துச்சு. உங்க கண்ணுதான் அன்னிக்கு எங்க அக்கா மேல இருந்துச்சு!"

"யாரைப் பார்த்துடா சொல்றே?"

மேற்கொண்டு சொல்வதற்காக எடைக்காரர் வாயைத் திறந்தார். மனைவி ஒரு துண்டு முட்டையை உள்ளே தள்ளினாள். மென்று விழுங்கினால்தான் பதில் சொல்ல முடியும் என்பதால் மென்று விழுங்கினார். அடுத்த பதிலுக்கு அடுத்த துண்டு. அரை மணி நேரத்தில் தட்டு காலி. மூச்சுப் பயிற்சியில் கற்றுக்கொண்டதும் வீண்போகவில்லை. வயிற்றிலிருந்து இழுத்துவிட்ட ஒரே மூச்சில் நாற்பத்தாறு வார்த்தை திட்டினார். இரண்டாவது வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். வெளியூர் போயிருந்த நாட்களில் விட்டுப்போனதை ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம்.

வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றார். நர்ஸ் குனிந்து பார்த்து, "ஐம்பது கிலோ இருநூறு!" என்று கத்தினாள். மச்சான் கைதட்டினார். கேட்கிற அம்மாள்கூட மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

எடைக்காரர் இறங்கவில்லை. "இதை யாரு சோதிச்சது? முத்திரை எங்க?"

"பின்னாடி இருக்கும் ஐயா."

"பின்னாடி அழிஞ்சு கிடக்கு. முத்திரை இல்லாத தராசு சொல்றதை நம்பி ஒருத்தன் வயித்தைக் கிழிக்கிறதா? ஒரு நிமிஷம்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏறு."

அவர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எந்தத் தராசைச் சரிசெய்தாலும் கடைசியில் மனைவியை ஏற்றிப் பார்த்துத்தான் அனுப்புவார். அவள் அறுபது கிலோ. கல்யாணத்தன்று அறுபது, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அறுபது. அரசாங்கத்து இரும்புக்கல்கூட நாளாவட்டத்தில் தேயும், இவள் தேயமாட்டாள் என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"நான் எதுக்குங்க? முதுகு வலிக்குது" என்று மனைவி பின்வாங்கினாள். மச்சான் பிடித்து ஏற்றிவிட்டார். ஐம்பத்து நான்கு.

"பார்த்தீங்களா! ஆறு கிலோ தப்பு! என் எடையை எழுதாதீங்க!"

"அத்தான், வாயை மூடிக்கிட்டு வாங்க. நாளைக்கு இடம் போயிடும்" என்று பல்லைக் கடித்தார் மச்சான்.

"போனா போகட்டும். தப்பான தராசுல நான் ஐம்பதுன்னு ஒத்துக்கிட்டா, உன் நாப்பது கிராமுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

இதற்குள் டாக்டர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். "பதினோரு மணிக்குள்ள எனக்கு ஒரு எண் வேணும். இல்லேன்னா வேற ஆளுக்கு இடத்தைக் குடுத்துடுவேன்" என்றார். மணி பத்தேகால்.

மச்சான் திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடி, சோதனைக் கற்கள் இருந்த பெட்டியைக் காய்கறித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். எடைக்காரர் இருபது கிலோக் கல்லை வைக்கச் சொன்னார். இருபது காட்டியது. இன்னொன்று. நாற்பது. பத்து. ஐம்பது, முள் முனை அளவுகூட விலகவில்லை. நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

தராசு பத்தரைமாற்றுத் தங்கம்.

பத்து நாற்பத்தைந்துக்கு எடைக்காரர் மெல்லத் திரும்பி, முதல் தடவையாகத் தராசை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். கைக்கடிகாரம் அவள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்குப் பக்கத்தில் ஏறிக் கிடந்தது.

"ஆறு கிலோ எங்கடி போச்சு?"

"உங்களுக்கு ஊட்டிட்டு வந்து உக்காந்தா எனக்கு இறங்கலைங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க எடைக்காரராச்சே. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஈயின் வயிற்றைச் சொன்ன மனிதர் அந்தக் கடிகாரத்தை அவள் மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுப் பார்த்தார். பேசினது கேட்கிற அம்மாள்தான். "தப்பு எங்களுது. ரெண்டு வாரமா இவங்க உங்க பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. நான் உங்களை மட்டும்தான் கேட்டேன்."

"ஐம்பது இருநூறுன்னு எழுதலாமா?" என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்து.

"எழுதுங்க. ஆனா இவ அந்த மஞ்சள் கதவுக்குள்ள போய் உக்காந்தாத்தான் நாளைக்கு நான் உங்க மேஜையில ஏறுவேன்."

"ஐயோ, எனக்கு என்னங்க, நான் நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"ஆறு கிலோ பொய் சொல்லாது. போ."

ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தாள். என்ன பேசினாள் என்பது அந்த அம்மாளுக்கு மட்டும் தெரியும், அவளோ சொல்லுகிற ஆள் இல்லை. அழுகைச் சத்தம் கேட்டதாக நர்ஸ் சொன்னாள். மச்சானோ தன் பெயரைச் சொல்லிச் சிரித்ததாக இன்றுவரை சந்தேகப்படுகிறார். வெளியே வந்தவள், "பசிக்குதுடா தம்பி" என்றாள். பட்டியலில் அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, முழுசாக எடுத்தாயிற்று, சுற்றுப்புறமும் சுத்தமாக இருக்கிறது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஆனால் தனக்குக் கவலை இல்லை என்றார். அந்த டாக்டர் கவலை இல்லை என்று சொன்னால் அதை எடை போட்டுத்தான் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் உள்ளே விட்டார்கள். டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். மச்சான் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அக்காவிடம் நீட்டினார். அவள் நின்றபடியே சாப்பிட்டாள்.

எடைக்காரர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

"கட்டி எத்தனை கிராம்?"

"நூத்தி எண்பது" என்றார் டாக்டர்.

"எந்தத் தராசுல?"

"கீழ் மாடியில இருக்கு. நடந்து போய் நீங்களே சோதிச்சுக்கலாம். எத்தனை நாள்ல எழுந்திருக்கப் போறீங்க?"

"நாலு."

"அஞ்சு" என்றார் மச்சான். "இவர் சொல்றதுல எப்பவும் ஒண்ணு கம்மியா இருக்கும்."

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாய் நிறைய ரொட்டி இருந்ததால், கையால் பொத்திக்கொண்டு, மென்றுகொண்டே சிரித்தாள்.