பத்து நாள் லீவு

என்னோடு பைலட் பயிற்சி முடித்த தேஜஸ், செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஆளுக்கொரு சின்ன விமானக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தோம்.

"மாசம் எட்டு நாள்தான் லீவு மச்சான். அதுவும் வெளியூர் ஓட்டல்லயே போவுது" என்று புலம்பினான்.

என் கம்பெனிதான் ஒசத்தி என்று காட்டும் திமிரில், "எனக்குப் பத்து நாள், அத்தனையும் சென்னையிலயே" என்று சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன்.

தோசையோடு வந்த அம்மா நின்றுவிட்டாள். வீட்டில் நான் சொல்லியிருந்தது இரண்டே நாள். மீதி எட்டும் நாவலூரில், நண்பர்களின் அப்பார்ட்மென்டில் கழிந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோபப்படவில்லை. தோசையை என் தட்டில் வைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா. அந்த ரெண்டு நாளுக்காவ மாசாமாசம் ஒவ்வொருத்திகிட்டயும் கெஞ்சி டூட்டி மாத்திகினு இருந்தேன்."